ரெஃபரன்ஸ்னா சிபாரிசு இல்லீங்க, சாட்சி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல நோட்டீஸ் பீரியட் பத்திப் பேசினோம். அதைக் கேட்டுட்டு திருப்பூர்ல இருந்து ஒரு தோழி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில நாலு வருஷமா மெர்ச்சண்டைசர். ஒரு பையிங் ஆஃபீஸ்ல இன்டர்வியூ ரெண்டு ரவுண்டு முடிஞ்சு, ஒரு ஃபார்ம் வந்திருக்கு. அதுல கடைசிப் பக்கம்: "இரண்டு ரெஃபரன்ஸ். பெயர், பதவி, ஃபோன் நம்பர், உங்களுக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு."

அவங்க கேட்டது இதுதான்: "அண்ணா, இதுல எங்க எம்.டி. பேரைப் போடணுமா? நான் வேற வேலை தேடறேன்னு அவருக்குத் தெரிஞ்சா, நாளைக்கே என் ஸ்டைல் எல்லாத்தையும் வேற ஆள்கிட்ட கொடுத்துடுவார். அங்க வேலை கிடைக்கலன்னா எனக்கு இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. எங்க பெரியப்பா பேரைப் போட்டா பரவாயில்லையா? அவரும் கம்பெனி வச்சிருக்கார்."

இதுக்கு ரெண்டு வரியில பதில் போட்டுட்டு விட்டுடலாம்னுதான் நினைச்சேன். ஆனா இதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அதனால முழு எபிசோடும் இதைப் பத்தியே பேசிடலாம்.

நான் கொடுத்த முதல் ரெஃபரன்ஸ்

எங்க அப்பா கட்டிங் மாஸ்டர். ஒரே முதலாளிகிட்ட ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். நான் இன்ஜினியரிங் முடிச்சதும் முதல் வேலை திருப்பூர்லதான். பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், ப்ரொடக்‌ஷன் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற ஒரு சின்ன நிறுவனம். ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஒரு பெரிய கம்பெனிக்கு அப்ளை பண்ணேன். அவங்களும் ரெண்டு ரெஃபரன்ஸ் கேட்டாங்க.

நான் யோசிச்சது இதுதான்: பெரிய மனுஷன் பேரு போட்டா வெயிட்டா இருக்கும். அப்பாகிட்ட சொன்னேன். அப்பா ஒரு சனிக்கிழமை சம்பளம் முடிஞ்ச நேரமா பார்த்து, முதலாளி ரூம் வாசல்ல நின்னு, "பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லணுங்க"ன்னு கேட்டிருக்கார். அவரும் மனசார சரின்னு சொன்னார். நல்ல மனுஷன்.

எச்.ஆர்.ல இருந்து அவருக்கு ஃபோன் போச்சு. அவர் சொன்னது எனக்கு அப்புறம் தெரிஞ்சது. "ரொம்ப நல்ல குடும்பத்துப் பையனுங்க. சின்ன வயசுல இருந்து பார்க்கறேன். கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது." அடுத்த கேள்வி: "அவர் என்ன மாதிரி வேலை பார்த்தார்?" அதுக்கு அவர், "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றானுங்க."

அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சதைச் சொன்னார். அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்துக்கு நான் அவரைச் சாட்சியா நிறுத்திட்டேன். மறுநாளே மெயில் வந்தது: "உங்கள் வேலையை நேரடியாகப் பார்த்த வேறொருவரின் பெயரைக் கொடுங்கள்." ரெண்டு நாள் டைம்.

அப்பதான் ஒருத்தர் ஞாபகம் வந்தது. நாங்க சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த ஒரு கம்பெனியில ஃபேப்ரிக் ஸ்டோர் பார்த்துக்கிட்டிருந்த அண்ணன். நான் எழுதின ஸ்டாக் மாட்யூல்ல ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 500 கிலோ துணி சாயத்துக்குப் போனா, அதே 500 கிலோ திரும்பி வராது. ப்ராசஸ் லாஸ்னு கொஞ்சம் குறையும். திருப்பூர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் தெரியல. என் ப்ரோகிராம், சாயப்பட்டறையில இருந்து வந்த ஒவ்வொரு டி.சி.யையும் "துணி குறைவு"ன்னு சிவப்புல காட்டிடுச்சு. ஆடிட் நேரத்துல அந்த அண்ணன்தான் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு. நைட்டு ஃபோன் பண்ணி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினார். நான் கிளம்பிப் போய், குடோன்ல துணி ரோல் மேலேயே உட்கார்ந்து, அவர்கிட்டயே கேட்டுக் கேட்டு விடியறதுக்குள்ள சரி பண்ணேன்.

அவரைப் போய் ரெஃபரன்ஸா போடறதான்னு தயக்கமாத்தான் இருந்தது. பதவி பெருசு இல்ல. இங்கிலீஷ் வராது. என் தப்பும் அவருக்குத் தெரியும். வேற வழியில்லாம போட்டேன். அவர் எச்.ஆர்.கிட்ட இந்தக் கதையைத் தமிழ்லயே முழுசா சொல்லியிருக்கார். "தம்பி தப்பு பண்ணுச்சுங்க. ஆனா கூப்பிட்ட உடனே வந்துச்சு. தெரியாததைக் கேட்டுக்குச்சு. அதுக்கப்புறம் அந்தத் தப்பு வரவே இல்ல."

வேலை கிடைச்சது. சேர்ந்து சில மாசம் கழிச்சு அந்த எச்.ஆர். சொன்னாங்க, அந்த ஒரு ஃபோன் கால்தான் அவங்க சந்தேகத்தைத் தீர்த்துச்சுன்னு. அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது: சிபாரிசுன்னா ஒருத்தர் தன்னோட மரியாதையை உங்களுக்குக் கடனாத் தர்றது. ரெஃபரன்ஸ்னா ஒருத்தர், தான் கண்ணால பார்த்ததைச் சொல்றது. ரெண்டும் வேற.

மூணு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கிறோம்

மொதல்ல வார்த்தைகளைப் பிரிச்சுக்குவோம்.

ஒண்ணு, ரெஃபரல். ஒரு கம்பெனியில ஏற்கெனவே வேலை பார்க்கிறவர் உங்க ரெஸ்யூமை உள்ளே கொடுக்கிறது. அது கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். நீங்க சேர்ந்தா அவருக்கு போனஸ்கூட வரலாம்.

ரெண்டு, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். நீங்க சொன்ன தேதி, பதவி, டிகிரி எல்லாம் உண்மையான்னு ஆவணத்தை வச்சுப் பார்க்கிறது. பெரும்பாலும் வெளி ஏஜென்சி செய்யும். 2014-க்கு அப்புறம் பி.எஃப்.ல ஒவ்வொருத்தருக்கும் யு.ஏ.என். நம்பர் வந்துடுச்சு. எந்தக் கம்பெனியில எப்ப சேர்ந்தீங்க, எப்ப விலகினீங்கன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

மூணாவதுதான் ரெஃபரன்ஸ். நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு, பார்த்தவர்கிட்டயே கேட்கிறது. நெருக்கடி வந்தா என்ன பண்ணீங்க, டீமோட எப்படி, ஏன் விலகினீங்க, வாய்ப்பு இருந்தா திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பதில் வர்றதுக்கு முன்னாடி ஒரு தயக்கம் இருந்தா, கேட்கிறவங்க அதையும் குறிச்சுக்குவாங்க.

ரெஃபரல்ல வேணும்னா பெரியப்பா உதவலாம். வெரிஃபிகேஷன்ல ஆவணம் பேசும். ரெஃபரன்ஸ்ல மட்டும், உங்க வேலையைப் பார்த்த ஆள் தேவை.

வாயோட வார்த்தையில வளர்ந்த ஊரு

நமக்கு ஏன் முதல்ல பெரிய மனுஷன் ஞாபகம் வருதுன்னா, அதுக்கு ஊர்லயே காரணம் இருக்கு. திருப்பூர் தொழிலே ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்ற வார்த்தையில வளர்ந்தது. நூல் கடன்ல கிடைக்கணுமா, யாரோ "நம்ம ஆளுதான், கொடுங்க"ன்னு சொல்லணும். ஜாப் ஒர்க் கிடைக்கணுமா, தெரிஞ்சவங்க மூலமாத்தான். டைலர், கைமடி வேலைக்குக்கூட கூடப் பொறந்தவங்களோ, ஊர்க்காரங்களோ, கான்ட்ராக்டரோ சொல்லித்தான் சேர்றாங்க.

அபிஜித் பானர்ஜியைத் தெரியும்தானே, 2019-ல பொருளாதார நோபல் வாங்கினவர். அவரும் கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடைத் தொழிலைப் பத்தியே ஒரு ஆய்வு பண்ணி 2004-ல வெளியிட்டாங்க. ஊர்ல வேரூன்றின கவுண்டர் சமூகத்து முதலாளிகளையும், வெளியில இருந்து வந்து கம்பெனி போட்டவங்களையும் ஒப்பிட்டாங்க. சமூகத் தொடர்பு இருக்கிறவங்களுக்குப் பணம் சுலபமா புரளுது, அதிக மூலதனத்தோட தொழில் ஆரம்பிக்கிறாங்க. ஆனா அந்தத் தொடர்பு இல்லாம, கம்மி மூலதனத்தோட வந்தவங்களோட உற்பத்திதான் வேகமா வளர்ந்தது.

இதை யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லல. நம்ம ஆளுங்கிற வார்த்தை, ஏமாத்தமாட்டான்னு ஒரு நம்பிக்கை தரும். வேலை தெரியுமாங்கிற கேள்விக்கு அதுல பதில் கிடையாது. அதோட, அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லாத பையனும் பொண்ணும் வெளியிலேயே நின்னுடறாங்க.

கொல்கத்தாவுல ஒரு சோதனை நடந்தது. லோரி பீமன், ஜெரமி மக்ரூடர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள், 2012-ல வெளியான ஆய்வு. சிலரைக் கூப்பிட்டு, ஒரு வேலைக்கு உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாங்க. ஒரு குழுவுக்கு, யாரைக் கூட்டிட்டு வந்தாலும் ஒரே தொகை. இன்னொரு குழுவுக்கு, கூட்டிட்டு வர்றவர் எப்படி வேலை செய்றாரோ அதைப் பொறுத்துத் தொகை. இந்த ரெண்டாவது குழுவுல சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர்றது குறைஞ்சு, கூட வேலை பார்த்தவங்களைக் கூட்டிட்டு வர்றது அதிகமாச்சு. அதாவது, யாருக்கு வேலை தெரியும்னு நமக்கெல்லாம் தெரியும். கேட்கிற விதம் மாறினா பதிலும் மாறும்.

தென்னாப்பிரிக்காவுல இன்னொண்ணு, 2020-ல வெளியானது. விண்ணப்பத்தோட பழைய முதலாளி கொடுத்த ரெஃபரன்ஸ் லெட்டரையும் சேர்த்து அனுப்பினா, இன்டர்வியூ அழைப்பு 60 சதவீதம் கூடுச்சு. முக்கியமா பெண்களுக்குத்தான் அந்தப் பலன் அதிகம். தொடர்பு இல்லாதவங்களுக்குத்தான் நல்ல சாட்சி ரொம்பப் பயன்படுது. நம்ம தோழிக்கு இதை முதல்ல சொன்னேன்.

அப்ப யாரைப் போடணும்?

நான் அஞ்சு கேள்வி வச்சிருக்கேன். ஒரு ஆளை யோசிச்சா, இந்த அஞ்சையும் கேட்டுப் பாருங்க.

1. என் வேலையை நேரா பார்த்தாரா? கேள்விப்பட்டது கணக்குல வராது.

2. அது சமீபத்துலயா? ரெண்டு, மூணு வருஷத்துக்குள்ளன்னா நல்லது. காலேஜ் எச்.ஓ.டி. அஞ்சு வருஷம் கழிச்சு உங்களைப் பத்தி என்ன சொல்வார்?

3. ஒரு சம்பவமாவது சொல்வாரா? "நல்லா வேலை செய்வாங்க"ங்கிறது எல்லாரும் சொல்றது. "லேப் டிப் மூணு தடவை ரிஜெக்ட் ஆச்சு, இவங்க சாயப்பட்டறைக்கே போய் நின்னு ஷேடு வாங்கிட்டு வந்தாங்க, ஷிப்மென்ட் தப்பிச்சது." இதுதான் நமக்கு வேணும்.

4. ஃபோன் எடுப்பாரா? சிரிப்பா இருக்கும், ஆனா நிறைய பேருக்கு இங்கதான் சிக்குது. ஷிப்மென்ட் நேரத்துல ப்ரொடக்‌ஷன் மேனேஜர் தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டார்.

5. மனசோட சரின்னு சொல்றாரா? இழுத்து இழுத்துச் சொன்னா விட்டுடுங்க.

இந்த அஞ்சுல பதவி எங்கயும் இல்ல, கவனிச்சீங்களா? பதவி பெருசா இருந்து, இந்த அஞ்சும் இருந்தா ரொம்ப நல்லது. பதவி மட்டும் இருந்தா, என் அப்பாவோட முதலாளி கதைதான்.

ரெண்டு பேர் கேட்டா, ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல இருந்து வேண்டாம். ஒருத்தர் உங்களுக்கு மேல இருந்து வேலை கொடுத்தவர். இன்னொருத்தர் பக்கத்துல இருந்தோ, எதிர்ப்பக்கத்துல இருந்தோ பார்த்தவர். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு டெஸ்டிங் டீம் லீட், க்ளையன்ட் பக்கத்து ஆள். மெர்ச்சண்டைசருக்கு, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற க்யூ.ஏ., பிரிண்டிங் யூனிட் இன்சார்ஜ், பேட்டர்ன் மாஸ்டர். உங்க கீழ வேலை பார்த்த ஒருத்தரைக்கூட மூணாவது பேரா கொடுக்கலாம், டீம் லீட் வேலைக்குப் போறீங்கன்னா.

ஃப்ரெஷரா? ப்ரின்சிபால் வேண்டாம். உங்க ப்ராஜெக்ட் கைடு, இன்டர்ன்ஷிப்ல உங்களுக்கு தினம் வேலை கொடுத்தவர். இங்க நிறைய பேர் லீவுல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்த்தான் ஃபீஸ் கட்டியிருப்பீங்க. செக்கிங் டேபிள்ல நின்ன அந்த ரெண்டு மாசத்துக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்திருப்பார். நேரத்துக்கு வந்தீங்களா, சொன்னதைக் கேட்டீங்களான்னு அவர் சொல்லலாம். அதை ரெஸ்யூம்ல மறைக்கிறோம். மறைக்க வேண்டியதே இல்ல.

யார் வேண்டாம்? சொந்தக்காரங்க, குடும்ப நண்பர், அரசியல்வாதி, கூடப் படிச்ச நெருங்கின நண்பன். இவங்க எது சொன்னாலும் கேட்கிறவங்க பாதியைக் கழிச்சுத்தான் எடுத்துக்குவாங்க.

இப்ப இருக்கிற முதலாளிக்குத் தெரியக் கூடாதுன்னா?

தோழியோட நிஜமான பயம் இதுதான். இந்த ஊர்ல அந்தப் பயம் நியாயமானதும்கூட. அவிநாசி ரோட்டுல இருக்கிற எக்ஸ்போர்ட்டரும், மங்கலம் ரோட்டுல இருக்கிற எக்ஸ்போர்ட்டரும் ஒரே நூல் ஏஜென்ட், ஒரே சாயப்பட்டறை, ஒரே கல்யாண மண்டபம். காலையில சொன்னா சாயங்காலத்துக்குள்ள சுத்தி வந்துடும்.

முதல்ல, இப்போதைய முதலாளி பேரைக் கொடுக்கணும்னு கட்டாயம் இல்ல. ஃபார்ம்லயே எழுதலாம்: "தற்போதைய நிறுவனத்தை, ஆஃபர் லெட்டர் கொடுத்து நான் ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் தொடர்புகொள்ளவும்." இது உலகம் பூரா வழக்கத்துல இருக்கிற கோரிக்கை. ஒழுங்கான எச்.ஆர். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஃபார்ம்ல எழுதினது போதாது, ஃபோன்லயும் ஒரு தடவை சொல்லுங்க, மெயில்லயும் போட்டு வைங்க.

அடுத்து, அதே கம்பெனியில இருந்து ஏற்கெனவே விலகினவங்களை யோசிங்க. உங்க பழைய மேனேஜர் இப்ப வேற கம்பெனியில இருக்கலாம். நாலு வருஷ வேலையில முதல் மூணு வருஷத்தை அவர் பார்த்திருப்பார். அவருக்கு மறைக்கவும் ஒண்ணும் இல்ல, பயப்படவும் ஒண்ணும் இல்ல.

வெளி ஆளைப் போடறப்ப மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. சாயப்பட்டறை மேனேஜருக்கு உங்க எம்.டி. கஸ்டமர். உங்க மேல பாசம் இருந்தாலும், பேச்சுவாக்குல வாய் தவறிடலாம். அதனால வியாபாரத்துல உங்க கம்பெனியை நம்பி இருக்கிறவரைவிட, நம்பி இல்லாதவர் நல்லது. தேர்ட் பார்ட்டி இன்ஸ்பெக்‌ஷன் க்யூ.ஏ. மாதிரி. அவருக்கும் அவங்க கம்பெனி விதி இருக்கும், பேச முடியுமான்னு அவரையே கேட்டுடுங்க. யார்கிட்ட கேட்டாலும் முதல் வாக்கியமே "இது நமக்குள்ள இருக்கட்டும்"னு இருக்கணும்.

கம்பெனியே இல்லைன்னா?

இதையும் சொல்லியாகணும். என் மாமா ஒருத்தர் சாயப்பட்டறை லேப்ல வேலை பார்த்தார். 2011 ஜனவரியில, நொய்யல் மாசு வழக்குல, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளிய விடாத நிலை வந்த பிறகுதான் திறக்கணும்னு உத்தரவு. ஆறு செத்துக்கிட்டிருந்தது, அதுக்கு அந்த உத்தரவு தேவைதான். ஆனா சில பட்டறைகள் திறக்கவே இல்ல. மாமா வேலை பார்த்ததும் அதுல ஒண்ணு. கையில சர்வீஸ் சர்டிஃபிகேட் இல்ல, சம்பளச் சீட்டு இல்ல, முதலாளி ஊர்லயே இல்ல.

அவருக்கு அடுத்த வேலை வாங்கிக் கொடுத்தது, அந்தப் பட்டறைக்கு டை, கெமிக்கல் சப்ளை பண்ணின சேல்ஸ் ரெப். மாமா ரெசிப்பி போடறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவர். "இந்த ஆள் லேப்ல போட்ட ஷேடு, பல்க்ல மாறாம வரும்"னு ஒரு இடத்துல சொன்னார். அவ்வளவுதான்.

இதுல ரெண்டு பாடம். கம்பெனி மூடினாலும் பார்த்த கண்ணு இருக்கும், அந்த நம்பரைத் தொலைக்காதீங்க. ரெண்டாவது, விலகற அன்னைக்கே ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்டிஃபிகேட், கடைசி மூணு மாச சம்பளச் சீட்டு எல்லாத்தையும் வாங்கி உங்க சொந்த மெயில்ல போட்டு வைங்க. கம்பெனி மெயில்ல வச்சா, மெயில் போற அன்னைக்கு அதுவும் போயிடும். பி.எஃப். கணக்குல விலகின தேதி ஏறியிருக்கான்னும் பாருங்க.

எப்படிக் கேட்கிறது?

கேட்காம பேரைப் போடாதீங்க. இது முதல் விதி. ஒருத்தரோட நம்பரை அவர் அனுமதி இல்லாம வெளியாள்கிட்ட கொடுக்கிறது மரியாதை இல்ல. திடீர்னு கால் வந்தா அவர் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றம் உங்க கணக்குலதான் ஏறும்.

கேட்கிற கேள்வியையும் மாத்துங்க. "உங்க பேரைப் போடட்டுமா சார்?"னு கேட்டா யாரும் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லமாட்டாங்க. "என் வேலையைப் பத்தி விவரமா, நல்லபடியா பேச முடியும்னு உங்களுக்குத் தோணுதா? இல்லைன்னாலும் தயங்காம சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவர் விலகிக்கிறதுக்கு ஒரு வழி விட்டாத்தான், வர்ற சரி உண்மையான சரியா இருக்கும்.

சரின்னு சொன்ன பிறகு அவருக்கு ஒரு மெசேஜ். நான் அனுப்பறது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணா, வணக்கம். நேத்து பேசின மாதிரி, உங்க பேரை ரெஃபரன்ஸா கொடுத்திருக்கேன். வேலை: பையிங் ஆஃபீஸ்ல சீனியர் மெர்ச்சண்டைசர். அவங்க முக்கியமா பார்க்கிறது: ஃபாலோ அப், ஷேடு அப்ரூவல், டைம் அண்ட் ஆக்‌ஷன் கேலண்டரை எப்படிக் காப்பாத்தறேன்னு. நாம சேர்ந்து பண்ணின அந்தக் குழந்தைகள் ஆர்டர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அதுல நடந்ததை அப்படியே சொல்லுங்க. அடுத்த வாரம், பெரும்பாலும் மதியத்துக்கு மேல கால் வரும். புது நம்பரா இருக்கும், எடுத்துடுங்க. இப்போதைக்கு நமக்குள்ள இருக்கட்டும். ரெஸ்யூம் இணைச்சிருக்கேன்."

"அப்படியே சொல்லுங்க"ன்னு போட்டிருக்கேன் பாருங்க. என்ன சொல்லணும்னு வசனம் எழுதிக் கொடுக்காதீங்க. ஞாபகப்படுத்துங்க, அது போதும். ரெண்டு ரெஃபரன்ஸும் ஒரே வார்த்தையில பேசினா, மனப்பாடம்னு கேட்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடும். அவருக்கு இங்கிலீஷ்ல பேச வசதி இல்லைன்னா, தமிழ்ல பேசறவங்களைக் கூப்பிடச் சொல்லி எச்.ஆர்.கிட்ட முன்கூட்டியே கேளுங்க. கேட்டா செய்வாங்க.

சில பெரிய நிறுவனங்கள்ல, எங்க விதிப்படி தேதியும் பதவியும் மட்டும்தான் சொல்வோம்னு சொல்வாங்க. அதுல உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல. இங்கிலாந்துல 1994-ல, ரெஃபரன்ஸ் எழுதற முதலாளி அதைக் கவனமா எழுதணும், கவனக்குறைவா எழுதினா வழக்கு வரலாம்னு அப்ப அந்நாட்டோட உச்ச நீதி அமைப்பா இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. அந்த மாதிரி பயத்துல பல கம்பெனிகள் வாயைச் சுருக்கிக்கிறாங்க. அப்படி இருந்தா, முன்கூட்டியே வேற ஒருத்தரைத் தயார் பண்ணி வைங்க.

ஒண்ணு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. ரூம்மேட்டை மேனேஜர் மாதிரி பேச வைக்கிறது. இது நடக்குதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கம்பெனி மெயில்ல இருந்து பதில் போடச் சொன்னா, அங்கயே மாட்டும். சேர்ந்த பிறகு தெரிஞ்சாலும் வேலை போகும், அடுத்த வெரிஃபிகேஷன்ல அதுக்கும் பதில் சொல்லணும். சரியான ஆள் கிடைக்கலன்னா, கிடைக்கலன்னே எச்.ஆர்.கிட்ட சொல்லி, வேற யாரை ஏத்துக்குவீங்கன்னு கேட்கிறது எவ்வளவோ மேல்.

தோழி என்ன பண்ணாங்க?

பெரியப்பாவை விட்டுட்டாங்க. முதல் பேர், போன வருஷம் விலகிப் போன அவங்க பழைய மெர்ச்சண்டைசிங் மேனேஜர். ரெண்டாவது பேர்லதான் தயக்கம். ஒரு இன்ஸ்பெக்‌ஷன் க்யூ.ஏ. இருந்தார். அவர் ஒரு தடவை இவங்க ஆர்டரை ஃபெயில் பண்ணினவர். இவங்க கேட்டப்ப அவர் சொல்லியிருக்கார்: "பேசறேம்மா. ஆனா அந்த ஃபெயிலைப் பத்திக் கேட்டா மறைக்க மாட்டேன்."

"அண்ணா, இவரைப் போடறதா?"ன்னு என்கிட்ட கேட்டாங்க. நான் திருப்பி ஒண்ணுதான் கேட்டேன்: "ஃபெயில் ஆன பிறகு நீங்க என்ன பண்ணீங்க?" ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நின்னு, பெட்டி எல்லாத்தையும் பிரிச்சு, திரும்பச் செக்கிங் போட்டு, ரெண்டாவது இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் வாங்கியிருக்காங்க. அதையும் பார்த்தவர் அவர்தான். அப்ப அவரைத்தான் போடணும்னு சொன்னேன்.

ஆஃபர் வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் எம்.டி.கிட்ட சொன்னாங்க. அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசலயாம். மூணாவது நாள், "ஓடிக்கிட்டிருக்கிற ஸ்டைல் எல்லாத்தையும் ஒழுங்கா ஹேண்ட் ஓவர் பண்ணிட்டுப் போ"ன்னு சொன்னாராம். இவங்க ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஃபைல் போட்டுக் கொடுத்துட்டு வந்திருக்காங்க. எப்பவாவது அவருக்கே ஒரு கால் வந்தா, சொல்றதுக்கு அதுவும் ஒரு விஷயம்.

ஃபோன்ல பேசின ரெண்டு பேருக்கும் ரிசல்ட்டைச் சொன்னீங்களான்னு கேட்டேன். "ஐயோ, மறந்துட்டேன்"னாங்க. எல்லாரும் மறக்கிற இடம் இது. கிடைச்சாலும் கிடைக்கலன்னாலும் ஒரு ஃபோன் பண்ணுங்க. நான் அந்த ஸ்டோர் அண்ணனுக்கு இன்னும் தீபாவளிக்குக் கூப்பிடுவேன். இப்பவும் முதல் கேள்வி, "தம்பி, இப்ப எழுதற ப்ரோகிராம்லயாச்சும் ப்ராசஸ் லாஸ் போட்டியா?"

கடைசியா ஒண்ணு. இதைக் கேட்கிற நீங்களும் ஒருத்தருக்கு சாட்சியா இருப்பீங்க. உங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன், உங்க சாம்பிளைத் தைச்சுக் கொடுக்கிற டைலர் அக்கா. யாராவது கேட்டா "நல்ல ஆளுதான்"னு முடிச்சுடாதீங்க. நீங்க பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்க. சொல்ல ஒண்ணும் இல்லைன்னா, "என்னால விவரமா பேச முடியாது, வேற யாரையாவது போட்டுக்கோ"ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அதுவும் ஒரு உதவிதான்.

அடுத்த எபிசோட்ல, ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய வரிகளைப் பத்திப் பேசலாம். இந்த வாரத்துக்குள்ள, ரெஃபரன்ஸுக்கு யாரைப் போடுவீங்கன்னு ரெண்டு பேரை மட்டும் யோசிச்சு வைங்க. வேலை தேடாதப்பவே யோசிங்க, அப்பதான் அவசரத்துல பெரியப்பா ஞாபகம் வராது.